அரியணையில் ஒரு குழந்தை

நாடு இறைவனின் உடைமை. அரசன் அதன் காவலன் மட்டுமே என்பது பாரத தேசத்தின் பழமையான கொள்கை. இக்கொள்கையைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. காவல் புரிய வேண்டியவனே பிறருடைய காவலில் இருக்க வேண்டிய குழந்தையாக இருந்தால் என்ன ஆகும்?

இது கற்பனை வினா அன்று. தந்தையின் அகால மரணத்தாலும், போராலும், அரண்மனைச் சூழ்ச்சிகளாலும் பால்மணம் மாறாத குழந்தைகள் அரியணை ஏறிய நிகழ்ச்சிகள் நம் வரலாற்றில் பல உண்டு. அவர்களுள் சிலர் மக்கள் போற்றும் மன்னர்களாக வளர்ந்தனர். சிலர் நாட்டை இழந்தனர். தம்மையே இழந்தவர்களும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று ஆராய்வது அரசர்களுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், தம் மனத்தை ஆள விரும்பும் சாதகருக்கும் அது உரிய பாடமே.

மைசூர் தந்த மூன்று எடுத்துக்காட்டுகள்

மைசூர் உடையார் வம்சத்தில், ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று மன்னர்கள் அடுத்தடுத்துக் குழந்தைப் பருவத்திலேயே அரியணை ஏறினர்.

முதலாமவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1799-ஆம் ஆண்டு மே மாதம் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அடுத்த மாதம், ஐந்து வயது நிரம்புவதற்கு முன்பே, இந்தக் குழந்தை அரசராக்கப்பட்டது. பாட்டியார் லட்சுமி அம்மணி காவலராக இருந்தார். ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் பணியாற்றிய பூர்ணய்யா திவானாக நிர்வாகத்தை நடத்தினார். நிர்வாகம் சீராகவே நடந்தது. ஆனால் 1810-இல் பாட்டியார் மறைந்தார். 1811-இல் பூர்ணய்யா பொறுப்பிலிருந்து விலகினார். பதினேழு வயதை எட்டிக்கொண்டிருந்த இளைஞரின் தோளில் ஒரு நாட்டின் முழுப் பாரமும் வந்து விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய கப்பம் ஒருபுறம், வருவாய்த் துறையின் சீர்கேடுகள் மறுபுறம், நகர் பகுதியில் மூண்ட குடியானவர் கிளர்ச்சி இன்னொருபுறம் என்று இன்னல்கள் சூழ்ந்தன. 1831-இல் கம்பெனி நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இலக்கியத்தையும் கலைகளையும் போற்றிய அம்மன்னர், இழந்த உரிமையை மீட்கத் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் போராடினார். 1868-இல் அவர் மறைந்தபோதும் அது மீளவில்லை.

இரண்டாமவர், அவருடைய சுவீகார புத்திரரான பத்தாம் சாமராஜேந்திர உடையார். 1868-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரியணை ஏறியபோது அவருக்கு வயது ஐந்து. அவர் பெரியவராகும் வரை பிரிட்டிஷ் கமிஷனரே ஆட்சி நடத்தினார். இடைப்பட்ட காலத்தில் அவருக்கு முறையான கல்வி அளிக்கப்பட்டது. 1881-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஆட்சி மீண்டும் உடையார் வம்சத்திடம் வந்தது. அதே ஆண்டிலேயே திவான் ரங்காசார்லுவின் முயற்சியால் மைசூர்ப் பிரதிநிதி சபை தொடங்கப்பட்டது. மக்களின் குறைகளை அரசு நேரில் கேட்பதற்கான ஏற்பாடு அது.

சுவாமி விவேகானந்தர் பரிவ்ராஜகராகப் பாரதம் முழுவதும் சுற்றி வந்தபோது, 1892-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தச் சாமராஜேந்திரரின் விருந்தினராகவே மைசூரில் தங்கினார். திவான் சேஷாத்ரி ஐயர் அவரை மன்னருக்கு அறிமுகம் செய்து வைத்தார். 1894-ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று சுவாமிஜி சிகாகோவிலிருந்து மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழை மக்களை உயர்த்த அவர்களுக்குக் கல்வி அளிப்பதே வழி. ஏழைச் சிறுவன் பள்ளிக்கு வர இயலாவிட்டால், கல்வி அவன் உழும் வயலைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

இதற்கு ஆறு மாதங்களுக்குப் பின், டிசம்பர் 28 அன்று, கல்கத்தாவுக்குச் சென்றிருந்த மன்னர் தொண்டை அடைப்பான் நோயால் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 31. அரியணைக்கு உரிய மகனுக்கு வயது பத்து.

ஒரு தாயின் தவம்

அந்த மகனே நான்காம் கிருஷ்ணராஜ உடையார். 1895-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் அரியணை ஏறினார். மகனுக்காக ஆட்சி நடத்தும் பொறுப்பு, இருபத்தெட்டு வயதிலேயே கணவரை இழந்த மகாராணி கெம்பநஞ்சம்மணியிடம் வந்தது. ‘வாணி விலாஸ சந்நிதானம்’ என்று மக்கள் அவரைப் போற்றினர்.

அவர் ஆட்சி நடத்திய ஆண்டுகள் எளியவை அல்ல. 1897-இல் மைசூரின் பழைய மர அரண்மனை தீக்கு இரையாயிற்று. 1898-இல் கொள்ளைநோய் பரவியது. துயரில் அமிழ்ந்துவிடவும், பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கவும் அவருக்குக் காரணங்கள் இருந்தன. அவர் அப்படிச் செய்யவில்லை. திவானையும் ஆலோசனைக் குழுவினரையும் துணைக்கொண்டு நாட்டை நடத்தினார். காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்றது அவருடைய ஆட்சிக் காலத்தின் இறுதியில், 1902-ஆம் ஆண்டில்தான்.

மகனுடைய கல்வியிலும் அவர் கருத்தூன்றினார். சிறுவர் அரண்மனைச் சுவர்களுக்குள் முகத்துதி கேட்டுத் தனியே வளரவில்லை. மற்றச் சிறுவர்களோடு அமர்ந்து பாடம் பயின்றார். பிற்காலத்தில் மைசூர்த் திவானாகப் புகழ்பெற்ற மிர்ஸா இஸ்மாயில் அவ்வகுப்பில் பயின்ற மாணவருள் ஒருவர். நம் நாட்டு மரபும் மேனாட்டுக் கல்வியும் இளம் மன்னருக்குப் போதிக்கப்பட்டன. இசையில் அவர் ஆழ்ந்த பயிற்சி பெற்றார்.

1902-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8 அன்று, பதினெட்டு வயது நிரம்பிய மகனிடம் முழு அதிகாரமும் ஒப்படைக்கப்பட்டது. மகாராணி ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் 1934 வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவர் வாழ்ந்தார். மகனின் ஆட்சியைக் கண்ணாரக் கண்டார்.

அவர் கண்ட காட்சிகள் எவை? 1905-இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்குகள் எரிந்தன. இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1913-இல் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, தேர்ந்தெடுத்த ஊர்களில் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. விசுவேசுவரய்யாவின் திறமையால் கண்ணம்பாடியில் காவிரியின் குறுக்கே பேரணை எழுந்தது. ஏழைகளைத் தேடிக் கல்வி செல்ல வேண்டும் என்று சுவாமிஜி யாருக்கு எழுதினாரோ, அந்த மன்னர் அதை நிறைவேற்றும் முன்பே மறைந்துவிட்டார். அப்பணியில் நாட்டை ஓர் அடி முன்னே நடத்தும் பேறு, அவர் விட்டுச் சென்ற பத்து வயது மகனுக்குக் கிட்டியது. அந்த மகனையே காந்தியடிகள் ‘ராஜரிஷி’ என்று போற்றினார்.

லாகூரின் சிறுவன்

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றையும் நாம் அறிய வேண்டும். பஞ்சாபின் சிங்கம் எனப்பட்ட மகாராஜா ரஞ்சித் சிங் 1839-இல் மறைந்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அவருடைய வாரிசுகள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். 1843-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐந்து வயதான கடைசி மகன் துலீப் சிங் லாகூர் அரியணையில் அமர்த்தப்பட்டார். தாய் மகாராணி ஜிந்த் கௌர் அவருக்காக ஆட்சி நடத்தினார்.

முதல் சீக்கியப் போர் தோல்வியில் முடிந்தது. 1846 டிசம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, சிறுவர் வயதுக்கு வரும் வரை அவரையும் நாட்டையும் காக்கும் பொறுப்பை ஆங்கிலேயர் ஏற்றனர். மறு ஆண்டே தாயையும் மகனையும் பிரித்தனர். 1849-ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று, காப்பதாக ஏற்ற அந்த நாட்டையே தம்மோடு இணைத்துக்கொண்டனர். பத்து வயதுச் சிறுவர் நாட்டையும் கோஹினூர் வைரத்தையும் இழந்தார். 1853-இல் கிறிஸ்தவ மதத்தைத் தழுவினார். 1854-இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

1861-இல் கல்கத்தாவில் தாயும் மகனும் மீண்டும் சந்தித்தபோது, ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னாளில் துலீப் சிங் தம் முன்னோரின் சீக்கிய நெறிக்குத் திரும்பினார். தாய்நாட்டுக்குத் திரும்ப முயன்றார். ஏடன் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தப்பட்டார். 1893-இல் பாரிஸ் நகரில் அவர் வாழ்வு முடிந்தது.

இச்சிறுவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. வைரத்தின் இழப்பைப் பலர் பேசுவர். ஐந்து வயதில் கிட்டிய அரியணையைவிட, ஒன்பது வயதில் பறிக்கப்பட்ட தாயின் மடியே அவருடைய பேரிழப்பு என்று கருதத் தோன்றுகிறது.

காவலர் எப்படி இருக்க வேண்டும்?

இவ்வரலாறுகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். குழந்தை மன்னரின் விதியை நிர்ணயிப்பவர் குழந்தை அல்லர், குழந்தையின் காவலரே. ‘இது என்னுடையது அன்று, ஒருநாள் திருப்பித் தர வேண்டியது’ என்ற நினைவோடு காவலர் செயல்பட்டால் நாடும் வாழும், குழந்தையும் வாழும். அந்நினைவு தவறினால், காவலே கொள்ளையாக மாறிவிடும்.

இந்த நினைவின் நிறைவான உருவம் பரதன். பதினான்கு ஆண்டுகள் கோசல நாடு அவன் கையில் இருந்தது. ஆயினும் அவன் அரியணையில் அமரவில்லை. ஸ்ரீராமனின் பாதுகைகளை அதில் எழுந்தருளச் செய்து, தான் நந்திக்கிராமத்தில் மரவுரி தரித்து வாழ்ந்தான். ராமன் திரும்பி வந்தபோது, பொக்கிஷமும் களஞ்சியமும் சேனையும் பத்து மடங்கு பெருகியிருப்பதாகக் கணக்கு ஒப்புவித்தான் என்கிறது வால்மீகி ராமாயணம். பற்றற்றவன் செயலற்றவன் அல்லன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தனக்கென எதுவும் வேண்டாதவனே பிறருடைய பொருளைப் பெருக்கித் தருகிறான்.

திருவிதாங்கூர் வரலாறும் இதற்கு ஒளி தருகிறது. மன்னர் மார்த்தாண்ட வர்மர் 1750-ஆம் ஆண்டில் தம் நாட்டை ஸ்ரீபத்மநாப சுவாமிக்குச் சமர்ப்பித்தார். அதுமுதல் அம்மன்னர்கள் ‘பத்மநாப தாசர்’ என்ற பெயரோடு ஆண்டனர். அவ்வழியில் 1813-இல் பிறந்த சுவாதித் திருநாள் சில மாதக் குழந்தையாக இருந்தபோதே அரசராக அறிவிக்கப்பட்டார். தாயார் ராணி கௌரி லட்சுமி பாய் சில ஆண்டுகளுக்குள் மறைந்தார். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் 1829 வரை நாட்டைக் காத்தார். பிறகு பதினாறு வயது மன்னரிடம் ஒப்படைத்தார். இசையுலகம் போற்றும் அந்த மன்னர் தம் கீர்த்தனைகளில் பதித்த முத்திரை பத்மநாபனின் திருநாமமே. தாம் அரசர் என்பதைவிடத் தாசர் என்பதையே அவர் பெரிதாகக் கருதினார்.

நம் ஒவ்வொருவரின் அரியணை

குழந்தை மன்னரின் கதை உண்மையில் நம் கதையே. நாம் பிறக்கும்போதே ஒரு ராஜ்யத்துக்கு வாரிசாகப் பிறக்கிறோம். உடல், புலன்கள், மனம், அறிவு ஆகியவையே அந்த ராஜ்யம். இவற்றை ஆளும் முதிர்ச்சி நமக்கு வருவதற்கு முன்பே இவை நம் கைக்கு வந்துவிடுகின்றன. கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. சாரதி விழிப்போடு இல்லாத தேர், அறியாத குழந்தை ஆளும் நாட்டுக்கு ஒப்பானது.

ஆகவேதான் நமக்குக் காவலர் தேவைப்படுகின்றனர். முதலில் தாய் தந்தையர், பிறகு ஆசிரியர், பிறகு சாத்திரமும் குருவும். இவர்களுடைய நோக்கம் நம்மை என்றென்றும் தம் பிடியில் வைத்திருப்பது அன்று. நம்மை நாமே ஆளத் தகுதியுடையவர்களாக்குவதே.

இன்று நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு முடியும் செங்கோலும் இல்லை. ஆனால் கேட்டதெல்லாம் கேட்ட உடனே கிடைக்கும் ஓர் அரியணை பல வீடுகளில் உண்டு. அதில் அமர்த்திவிட்டு, ஆளக் கற்றுத் தராமல் விட்டுவிடுகிறோம். வேறு சில பெற்றோர் வளர்ந்த மகனுக்கும் மகளுக்கும் கூடப் பொறுப்பைத் தர மனமின்றிச் செங்கோலைத் தாமே பிடித்துக்கொண்டிருக்கின்றனர். இவ்விரண்டும் காவல் அல்ல. பயிற்சி தரும் காலத்தில் கண்டிப்பும், ஒப்படைக்கும் காலத்தில் துணிவும் வேண்டும். கெம்பநஞ்சம்மணியின் பெருமை அவர் ஆண்ட ஏழரை ஆண்டுகளில் மட்டும் இல்லை. ஒப்படைத்த அந்த ஒரு நாளிலும் இருக்கிறது.

ஆள்பவருக்கும் ஒரு பாடம் உண்டு. வயது வந்தபின் அரியணை முழுவதும் நம்முடையதாகிவிட்டது என்று எண்ணலாகாது. பாதுகை அமர்ந்த இடம் அது. நாம் அதன் அருகில் நின்று பணி செய்பவர்கள். இந்த உணர்வு நிலைத்தால் செல்வமும் அதிகாரமும் நம்மைக் கெடுக்க மாட்டா.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைக் குறைவின்றிக் காத்து, உரிய காலத்தில் உரியவரிடம் மகிழ்ந்து ஒப்படைக்கும் மனத்தை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!

சிந்தனைக்கு:

1. மைசூரின் மூன்று குழந்தை மன்னர்களுக்கும் கிடைத்த பயிற்சியில் நீங்கள் காணும் வேறுபாடுகள் யாவை?

2. துலீப் சிங்கின் காவலர்கள் தவறியது எந்த இடத்தில்?

3. உங்கள் பொறுப்பில் இருப்பவற்றுள், ஒருநாள் பிறரிடம் ஒப்படைக்க வேண்டியவை எவை? அதற்கு இன்று நீங்கள் செய்யும் ஆயத்தம் என்ன?