‘இந்த லைன் உங்களுக்கு ஒத்துவராது’ என்றால்...

பாகலூர், ஓசூர் பக்கத்துக் கம்பெனிகளில் மாற்றுத்திறனாளியை வேண்டாம் என்பதை வாயால்தான் சொல்வார்கள்; எழுதித் தரமாட்டார்கள். அன்றைக்கே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ காரணம் கேளுங்கள். பதில் வராவிட்டாலும், கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், இதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். ‘அவர் யார்?’ என்று முதலில் கேளுங்கள், பல எச்.ஆர்.களின் குரலே மாறிவிடும். 4 சதவீத ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கானது. அதை வைத்துத் தனியாரிடம் வாதாடிப் பயனில்லை.

புகாரை, யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டை நகலுடன், சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். எழுத உதவி வேண்டுமா? கிருஷ்ணகிரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். எல்லையோரத்தில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று: வீடு பாகலூரில், வேலை அத்திப்பள்ளி தாண்டி என்றால், புகார் போக வேண்டியது கர்நாடக ஆணையருக்கு. யுடிஐடி அட்டை அங்கும் செல்லும்.

சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 15100-ஐ அழைத்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.