வகுப்பு ஒன்று, நிலைகள் பல

ஒரே வகுப்பில் படிக்கும் குழந்தைகள் எல்லாரும் ஒரே வாசிப்பு நிலையில் இருப்பதில்லை. அதனால்தான் எண்ணும் எழுத்தும் வகுப்பறையில் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்கள் அமைக்கிறோம். அமெரிக்கப் பள்ளிகளில் பயன்படும் 'லெக்ஸியா கோர்5' என்னும் இணையவழி ஆங்கில வாசிப்புச் செயலி, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே நிலை வகுக்கிறது. மழலையர் முதல் 5ஆம் வகுப்பு வரையிலானது அது.

ஆசிரியர் முதலில் மாணவரின் பெயரையும் அவர் படிக்கும் வகுப்பையும் சரியாகப் பதிந்து, தம் வகுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாணவர் முதன்முறை உள்நுழைந்ததும் நிலை அறியும் மதிப்பீடு தொடங்கும். அவர் எங்கிருந்து படிக்கத் தொடங்குவார் என்பது அதில்தான் முடிவாகும்.

எனவே மதிப்பீட்டின்போது விடை சொல்லித் தரக் கூடாது. அன்பினால் நாம் சொல்லும் விடைகள், எழுத்தொலியே பிடிபடாத குழந்தையைப் பெரிய பாடத்தின் முன் நிறுத்திவிடும். ஒருவர் கணக்கில் இன்னொருவர் படித்தாலும் நிலை தவறிப்போகும்.

பயிற்சியில் பிழைகள் மிகுந்தால், செயலி முதலில் பயிற்சியை எளிதாக்கும். பிறகு விளக்கம் தரும். அதன் பின்னும் மாணவர் தடுமாறினால், நேரில் நடத்த வேண்டிய பாடத்தை ஆசிரியருக்குக் காட்டும். வாரந்தோறும் அப்பட்டியலைப் பாருங்கள். பெயர் வந்த குழந்தைகளை அருகில் அமர்த்திக் கற்பியுங்கள். அந்தப் பத்து நிமிடத்தைத் திரையால் ஈடுசெய்ய முடியாது. எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் இது பொருந்தும்.