சோதிடம் – வேதத்தின் கண்

ஏற்காட்டில் சேர்வராயன் குகைக் கோயிலைச் சேவித்து அந்தியில் இறங்கும் அன்பர்கள் சற்றே வானத்தை நோக்குவார்களாக. ‘ஜ்யோதிஸ்’ என்றால் ஒளி. சோதிடம் என்னும் சொல் அதினின்றே பிறந்தது. ஆறு வேதாங்கங்களுள் இதுவே கண். வேள்விக்குரிய காலத்தைக் கணிப்பதே இதன் ஆதிப்பணி. லகதர் பெயரால் வழங்கும் வேதாங்க ஜ்யோதிஷத்தில் 27 நட்சத்திரங்கள் உண்டு. பிறப்புக்குப் பலன் கூறும் ஜாதகப் பகுதி இல்லை! அஃது யவனராகிய கிரேக்கர் உறவால் பின்னர் வளர்ந்தது. ‘ஹோரை’ என்பதே கிரேக்கச் சொல். 6-ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர், யவனரும் இக்கலையில் ரிஷிகளைப்போலப் போற்றத்தக்கவரே என்று எழுதினார். எத்துணைப் பெருந்தன்மை!

நம் மாதப் பெயர்களும் வானில் பிறந்தவையே. விசாகத்தையொட்டிப் பௌர்ணமி நிகழ்வது வைகாசி. நம்மாழ்வார் திருநட்சத்திரமும் அவ்விசாகமே. ஆண்டாளுக்கு ஆடிப்பூரம். மணவாள மாமுனிகளுக்கு ஐப்பசித் திருமூலம். அத்திருமூலத்தை உத்ஸவமாகக் கொண்டாடும் நாமே, மணப்பெண் மூலத்தில் பிறந்தவள் என்றதும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.