தேய்ந்த வளையம்: டாட் ஸ்கின்னரின் மரணம் உணர்த்தும் பாடம்

ஒரு கலையைப் பயில்வோர் தம்முட் சிறந்த ஒருவரை இழக்குங்கால் அவர்க்கு உண்டாகும் துயரம் ஏனைத் துயரங்களினின்றும் வேறுபட்டது. உற்றார் உறவை இழந்து வருந்துவர். நண்பர் நட்பை இழந்து வருந்துவர். ஒத்த கலையினர் அடையும் துக்கத்திலோ, 'இவரே வீழ்ந்தாரெனின் நம் கதி யாது?' என்னும் அச்சமும் கலந்து நிற்கும். அவ்வினாவைக் கூசாது கேட்டு, அதற்குரிய விடையைத் தேடி, கண்டதனை யாவரும் அறியச் சொல்லுதல் இறந்தவர்க்குச் செய்யும் கடமையா, அன்றி அவர் புகழுக்கு இழுக்கா என்பது ஆராயத்தக்கது. 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மாண்ட டாட் ஸ்கின்னர் என்னும் பாறையேற்ற வீரரின் சரிதத்தைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1. பாறையேற்றமும் அதன் சாதனங்களும்

செங்குத்தாக நிற்கும் பாறையின் முகத்தைப் பற்றி ஏறுதலே பாறையேற்றம் எனப்படும். அதன்கண் இரு முறைகள் உள. பாறையின் வெடிப்புகளில் ஆணிகளையும் ஆப்புகளையும் செருகி, அவற்றில் நாடா ஏணிகளைத் தொங்கவிட்டு, அவ்வேணிகளை மிதித்து ஏறுவது ஒரு முறை. கைவிரலும் கால்நுனியும் பாறையையே பற்றிநிற்க, கயிற்றை வீழ்ச்சியைத் தடுப்பதற்கு மாத்திரமே கொண்டு ஏறுவது மற்றொரு முறை. பின்னதே அரிது. ஸ்கின்னர் தம் வாழ்நாளை அம்முறைக்கே அளித்தார்.

ஏறுவோர் இடையிலும் இரு தொடைகளிலும் நைலான் வாரினாலாகிய ஒரு கச்சையைப் பூட்டிக்கொள்வர். இடைவாரையும் தொடைவார்களையும் முன்புறத்தில் இணைத்துநிற்பது ஒரு சிறு வளையம். அதுவும் தைத்த நைலான் நாடாவே. மேலேறுங்கால் கயிற்றின் முனையை இடைவார், தொடைவார் ஆகிய இரண்டன் கண்ணிகளூடும் நேரே கோத்து முடிவர். அப்பொழுது அவ்வளையத்துக்குப் பெரும்பாலும் வேலையில்லை. கயிற்றின் வழியே கீழிறங்குங்காலோ, இறங்குகருவியைக் காராபினர் என்னும் உலோகக் கொளுவியால் அவ்வளையத்திலேயே மாட்டுவர். எனவே இறங்குவோரின் உடற்பாரம் முழுவதும் அவ்வொரு வளையத்தையே சார்ந்துநிற்கும்.

அவ்வளையம் வலிகுன்றியதன்று. இத்தகைய கச்சை 15 கிலோநியூட்டன் இழுவிசையைத் தாங்கவேண்டும் என்பது ஐரோப்பிய நியமம். அஃதாவது ஏறத்தாழ 1,500 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டாலும் அறாதிருத்தல் வேண்டும். ஒருவர் தம் கருவிகளுடன் 100 கிலோகிராம் இருப்பாரெனக் கொண்டால், அவரைப்போல் பதினைவரைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. இக்கணக்கை நினைவிற் கொள்வோமாக.

2. ஸ்கின்னரின் சாதனைகள்

ஸ்கின்னர் 1958-ஆம் ஆண்டிற் பிறந்தவர், வயோமிங் மாகாணத்தவர், அம்மாகாணப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். யோசெமிட்டியிலுள்ள எல் காபிட்டன் என்னும் பெரும்பாறை சுமார் 3,000 அடி உயரமுள்ளது. அதன்மேற் செல்லும் 'சலத்தே சுவர்' என்னும் வழியை ராயல் ராபின்ஸ், டாம் பிராஸ்ட், சக் பிராட் ஆகிய மூவர் 1961-இல் முதன்முதல் ஏறினர். அவர்கள் அரிய இடங்களில் ஆணிகளையும் ஏணிகளையும் துணைக்கொண்டனர். அவ்வழியைக் கைகால் வலிமை ஒன்றானே ஏறுதல் இயலாதென்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 1988-இல் ஸ்கின்னரும் அவர் தோழர் பால் பியானாவும் அதனை ஏறிமுடித்தனர்.

அவ்வேற்றத்தின் முடிவில் நிகழ்ந்ததொன்று குறிக்கத்தக்கது. உச்சியை அடைந்தபின் அவர்கள் கயிற்றைப் பிணித்திருந்த பெரும்பாறைத் துண்டு திடீரெனப் பெயர்ந்து உருண்டது. கயிறுகள் அறுந்தன, பியானாவின் கால் முறிந்தது, ஸ்கின்னரும் காயமுற்றார். இருவரும் உயிர்பிழைத்தது அருமையிலும் அருமை. உறுதியென நம்பிய பொருள் உறுதியற்றதாதல் கூடும் என்பதை ஸ்கின்னர் ஏட்டிற் படித்தறிந்தவரல்லர். தம் உடலாலேயே அறிந்தவர்.

அவர் செயலை எல்லாரும் உடனே மெச்சினாரல்லர். கடினமான இடத்தில் கயிற்றிற் தொங்கியவாறே பன்முறை பயின்று, பின்னர் அதனை வழுவாது ஏறுதல் அவர் கைக்கொண்ட முறை. வீழ்ந்தவர் கீழிறங்கி மீண்டும் அடியிலிருந்தே தொடங்கவேண்டும் என்னும் பழைய நெறியினர் அதனை இகழ்ந்தனர். ஆயினும் காலம் செல்லச் செல்ல அம்முறையே பெருவழக்காயிற்று. 1995-இல் ஸ்கின்னரும் தோழர் மூவரும் காரகோரம் மலைத்தொடரிலுள்ள டிராங்கோ கோபுரத்தின் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட முடியை, அறுபது நாள் வரை பாறைச்சுவரிலேயே தங்கிப் போராடி அடைந்தனர். தாம் வாழ்ந்த லாண்டர் நகருக்கு அண்மையிலுள்ள வைல்ட் ஐரிஸ் என்னும் பாறைப்பகுதியில் அவர் புதிய வழிகள் பல வகுத்து, பின்வந்த இளைஞர்க்குப் பயிற்சிக்களம் ஆக்கினார். கற்பிப்பதிலும் பிறரை ஊக்குவதிலும் அவர்க்கிருந்த ஆர்வம் பெரிது. ஆதலின் ஒருகாலத்தில் அவரோடு மாறுபட்டவரும் அவர்பால் மதிப்பு வைத்தனர்.

3. வீழ்ச்சி

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் வாயிலருகே 'சாய்ந்த கோபுரம்' எனப் பொருள்படும் லீனிங் டவர் என்றொரு பாறை உளது. அதன் முகம் செங்குத்தாக நில்லாமல் முன்னோக்கிக் கவிந்திருப்பது. அதில் ஒரு புதிய வழியைக் கைகால் வலிமையால் ஏறுதற்கு ஸ்கின்னர் ஒரு தோழருடன் முயன்றுகொண்டிருந்தார். மேற்சொன்ன நாளில் வேலை முடித்து, கட்டியிருந்த கயிற்றின் வழியே இறங்குங்கால், அவர் சுமார் 500 அடி வீழ்ந்து உயிர்நீத்தார். அவருக்கு மனைவியும் மக்கள் மூவரும் இருந்தனர். நாற்பத்தெட்டாம் வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன.

அறுந்தது கயிறன்று, அது முழுமையாகத் தொங்கியது. கழன்றது கருவியன்று, அதுவும் கொளுவியும் பூட்டியபடியே கயிற்றில் இருந்தன. பின்னர்ப் பாறையடியிற் செடிகளிடையே அறுந்த வளையம் கிடைத்தது. பதினைவரைத் தாங்கவல்ல அவ்வளையம், மிகத் தேய்ந்திருந்தமையால், ஒருவரைத் தாங்கமாட்டாது அறுந்துவிட்டது.

இதனினும் துயர்தருவது பிறிதொன்றுண்டு. வளையம் தேய்ந்திருந்ததை அவர் அறியாதவரல்லர். சில நாட்களுக்கு முன்னரே தோழர் அதனைக் கண்டு எடுத்துரைத்தார். புதிய கச்சை வரவழைக்கப்பட்டுள்ளது என்பது ஸ்கின்னர் தந்த விடை. புதியது வந்துசேருமுன் பழையது அறுந்தது.

4. தேய்வின் இயல்பு

நைலான் நாடா எவ்வாறு தேய்கிறது என்பதை நோக்குவோம். கிணற்றில் நீரிறைக்கும் கயிறு நெடுகிலும் ஒரே சீராகத் தேய்வதில்லை; உரசும் இடமொன்றிலேயே நார் நாராகப் பிரியும். கச்சையின் வளையமும் அத்தன்மைத்தே. அது தடையின்றிச் சுழலுமாயின் தேய்வு எங்கும் பரவும். நாடாக் கண்ணிகளை அதன்மீது இறுக முடிந்து நாள்தோறும் அப்படியே விட்டுவைத்தால், வளையம் சுழலாது. உராய்வு முழுவதும் ஓரிடத்திலேயே குவியும். ஸ்கின்னரின் வளையத்துக்கு நேர்ந்தது இதுவே என்று அனுபவமுடையோர் விளக்கினர். பெருஞ்சுவர்களில் நாள்தோறும் உழைப்பவரின் சாதனங்கள் பொழுதுபோக்காக ஏறுவோரின் சாதனங்களைக்காட்டிலும் பன்மடங்கு விரைவில் தேயும் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

பொருளின் தேய்வு இவ்வாறாக, மனத்தின் தேய்வு ஒன்றுண்டு. அதுவே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. ஒவ்வொரு நாளும் வளையம் நேற்றிருந்தது போன்றே தோன்றும். 'நேற்றுத் தாங்கிற்று, ஆகவே இன்றும் தாங்கும்' என மனம் அனுமானிக்கும். தர்க்கநூல் பயிலும் மாணவர் இவ்வனுமானத்தின் வழுவை எளிதிற் காண்பர். மாறாத பொருள்களைப்பற்றியாயின் பல நாள் அனுபவம் நம்பிக்கைக்குச் சான்றாகலாம். பயன்படுந்தோறும் குறையும் பொருளைப்பற்றியோவெனின், அது தாங்கிய ஒவ்வொரு நாளும் அதன் வலிமையிற் சிறிதைக் கவர்ந்தே சென்றது. நெடுநாள் தாங்கியது என்பதே இனித் தாங்காமைக்குக் காரணமாகலாம். தொடக்கத்தார் அச்சத்தால் நாள்தோறும் முடிச்சைச் சோதிப்பர். வல்லுநர்க்கோ பழக்கமே கண்ணை மறைக்கும். ஸ்கின்னர் குறையைக் கண்டார். அதற்குரிய மருந்தையும் நாடினார். ஆனால் இடைப்பட்ட சில நாட்களை எண்ணாது விடுத்தார்.

5. முன்னொரு சான்று

இறந்தவரின் குறையை எடுத்துப் பேசுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். இவ்வினா புதிதன்று. 1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் எட்வர்ட் விம்பர் முதலிய எழுவர் ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் முடியை முதன்முதல் அடைந்து இறங்குகையில், ஒருவர் கால் வழுவ, நால்வர் வீழ்ந்து மாண்டனர். கயிறு இடையில் அறுந்தமையால் விம்பரும் வழிகாட்டிகளாகிய டாக்வால்டர் தந்தையும் மகனும் எஞ்சினர். மூத்த டாக்வால்டரே கயிற்றை அறுத்தாரென ஊரார் வதந்தி பரப்பினர். அவ்வையம் அவரைப் பின்தொடர்ந்து வருத்திற்று. ஆனால் விம்பர் கயிற்றைச் சோதித்து, அஃது அறுக்கப்பட்டதன்று, தானே அறுந்ததென்று உரைத்தார். அவர்கள் கொண்டுசென்ற மூவகைக் கயிறுகளுள் அதுவே மிக மெலிந்தது; வலிய கயிறு உடனிருந்தும் வழிகாட்டிக்கும் அவர்க்கு அடுத்து நின்றவர்க்கும் இடையே மெலிந்ததே கட்டப்பட்டிருந்தது.

இதனில் விந்தை யாதெனின், லண்டன் ஆல்பைன் கழகத்தார் 1864-இலேயே, அஃதாவது ஓராண்டுக்கு முன்னரே, ஒரு குழு அமைத்துக் கயிறுகளின் வலிமையைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டிருந்தனர். அறிவு இருந்தது, நல்ல கயிறும் இருந்தது, பயன்பட்டதோ மெலிந்த கயிறு. 1865-இல் நிகழ்ந்ததும் 2006-இல் நிகழ்ந்ததும் இவ்வகையில் ஒன்றே. 'யார் குற்றம்?' என்று வினவியோர் ஓர் ஏழை வழிகாட்டியின் வாழ்வைக் கசப்பாக்கினர். 'எது அறுந்தது, ஏன் அறுந்தது?' என்று வினவியோரே பின்வந்தோர் உயிரைக் காத்தனர்.

6. துக்கமும் படிப்பினையும்

ஸ்கின்னர் மறைந்த செய்தி பரவியபொழுது பல நாட்டுப் பாறையேறுவோரும் வருந்தினர். அவருடன் ஏறியோர் அவர் சிரிப்பையும், சோர்ந்தாரைத் தேற்றும் சொல்லையும் நினைந்து பேசினர். அவ்வளவில் நின்றிருந்தால் அது மற்றெந்தத் துக்கத்தையும் போன்றதே. ஆனால் தோழர் தாம் கண்டதை மறைக்கவில்லை. பள்ளத்தாக்கின் காவலதிகாரிகள் வளையத்தின் நிலையை வெளியிட்டனர். அதனைப் படித்த பலரும் முதலிற் செய்தது தத்தம் கச்சையை எடுத்து வளையத்தைத் திருப்பித் திருப்பி நோக்கியதேயாம். நாடாக் கண்ணிகளை வளையத்தில் நிலையாக முடிந்துவைத்தல் கூடாது; நார் பிரிந்த வாரை அன்றே விலக்குக; ஐயமிருப்பின் இடைவாரையும் தொடைவாரையும் இணைத்து மற்றொரு காப்பும் இடுக என்னும் அறிவுரைகள் பயிற்சியளிப்போர் வாயில் வலுப்பெற்றன.

அமெரிக்க ஆல்பைன் கழகத்தார் 1948 முதல் ஆண்டுதோறும் மலை விபத்துகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டு வருகின்றனர். நிகழ்ந்தது இது, காரணம் இது, தவிர்த்திருக்கும் வழி இது என்பதே அதன் போக்கு. பழிதூற்றுதல் அதன் நோக்கமன்று. ஒவ்வொரு பக்கத்திலும் எவரோ ஒருவரின் மகனோ மகளோ இருக்கின்றனர். ஆயினும் அப்பக்கங்களை மூடிவைப்பது அன்பாகாது.

புகழ்மாலை சூட்டி ஸ்கின்னரைப் பிழையே செய்யாதவராக்கினால், அவரைப் பின்பற்ற விரும்பும் இளைஞர் அவர் ஏறிய பாறைகளையே நோக்குவர். அவர் அறுந்த வளையத்தை நோக்கார். இருபது ஆண்டுகளாகப் பிறர்க்கு வழிகாட்டிய ஒருவர் இறந்தபின்னும் வழிகாட்ட வேண்டுமெனின், அவர் வீழ்ந்த இடத்தையும் காட்டுதல் வேண்டும். அது அவர் பெருமையைக் குறைப்பதன்று. சலத்தே சுவரை ஏறியவரும் டிராங்கோ கோபுரத்தில் அறுபது நாள் நின்றவரும் அவரே. 'இன்னும் சில நாள் தாங்கும்' என எண்ணியவரும் அவரே. இரண்டையும் சேர்த்து நினைப்பவரே அவரை உள்ளவாறு நினைப்பவர்.

மாணவ நண்பர்களே! நம்முட் பெரும்பாலோர் பாறையேறப் போவதில்லை. எனினும் ஆய்வுக்கூடத்தில் மேலுறை கிழிந்த மின்கம்பியையும், மிதிவண்டியில் தேய்ந்த தடைக்கட்டையையும், விடுதி மாடியில் ஆடும் கைப்பிடியையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். கண்டு, 'சொல்லியாயிற்று, புதியது வரும்' என்று அமைதியடைகிறோம். குறையைக் காண்பது ஒரு செயல். அது நீங்கும் வரை அப்பொருளைப் பயன்படுத்தாதிருப்பது வேறொரு செயல். முன்னதோடு நின்றுவிட்ட ஒரு நல்ல மனிதரை இழந்து அவர்தம் கூட்டத்தார் இப்பாடத்தைக் கற்றனர். அதனை மறையாது உலகுக்கு உரைத்தமையால் நாமும் அதனை இழப்பின்றிக் கற்கலாகும்.