சிறு பட்டறையும் ஆராய்ச்சிசாலையும்

கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு ஆராய்ச்சி என்பது புதிய விஷயமன்று. சைதாப்பேட்டையில் நடந்துவந்த விவசாயப் பள்ளி 1906-ம் வருஷத்தில் இந்நகருக்கு மாற்றப்பட்டது. அதுவே 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1912-ல் இங்கு ஏற்பட்ட கரும்பு அபிவிருத்தி நிலையத்திலிருந்து 1918-ல் வெளிவந்த கோ 205 என்னும் கரும்பு வட இந்தியாவில் பரவியது. அக்காலத்து முறை யாதெனில், சர்க்கார் செலவு செய்யும், நிபுணர் ஆராய்வார், விதையோ கரணையோ குடியானவர் கைக்கு வந்து சேரும். எதை ஆராய வேண்டும் என்பதைக் குடியானவரோ பட்டறைக்காரரோ சொல்லும் வழக்கம் அதிகமில்லை.

இக்காலத்தில் மற்றொரு முறையும் அதனுடன் சேர்ந்து நடைபெறுகிறது. சிறு தொழில் நடத்துபவர் தம் தொழிலிற் கண்ட குறையைத் தாமே எடுத்துச் சென்று, பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவருடன் கூடி அதற்குப் பரிகாரம் தேடலாம். அச்செலவின் பெரும் பகுதியைத் திரும்பச் செலுத்த வேண்டாத உதவித் தொகையாகச் சர்க்கார் தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கென்று 1982-ல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. 1992-ல் ஏற்பட்ட இரண்டாவது திட்டத்தின்படி வேலையில் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாமல் சிறு தொழிற்சாலையும், 30 பங்குக்குக் குறையாமல் ஆராய்ச்சி ஸ்தாபனமும் செய்தாக வேண்டும். பணத்தை ஒருவர் வாங்கிக்கொண்டு மற்றவர் பெயரை மட்டும் காகிதத்தில் எழுதிவிடாதபடி இவ்விதி காக்கிறது. நமது தேசத்தில் மத்திய உயிரியல் தொழில்நுட்ப இலாகா 2005-ல் இத்தகைய ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. 2012-ல் அதற்கெனத் தனி ஸ்தாபனமாக பைராக் அமைக்கப்பட்டது.

பட்டறைக்காரருக்கும் சிறு உற்பத்தியாளருக்கும் அருகிலுள்ள வாசல் தமிழ்நாடு சர்க்காரின் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் ஏற்படுத்திய புத்தாக்க வவுச்சர் திட்டமாகும். இது இரண்டு படிகளாக வகுக்கப்பட்டது. யோசனையைச் சோதித்துப் பார்க்கும் முதற்படிக்கு 2 லக்ஷம் ரூபாய் வரையும், மாதிரியைச் செப்பனிட்டு விற்பனைக்குக் கொண்டுவரும் இரண்டாம் படிக்கு 5 லக்ஷம் ரூபாய் வரையும் வரம்பு வைக்கப்பட்டது. கல்லூரி அல்லது ஆராய்ச்சி நிலையம் ஒன்று அறிவுத் துணையாக நிற்பது இதன் உயிர்நிலை. விவசாயத் தொழில்களுக்கு, 2018-19-ல் ராஷ்டிரீய கிருஷி விகாஸ் யோஜனையின் கீழ் ஏற்பட்ட ரஃப்தார் பகுதி மற்றொரு வழியாயிற்று. அதில் ஆரம்ப நிலைக்கு 5 லக்ஷமும், அடுத்த நிலைக்கு 25 லக்ஷமும் உச்ச வரம்புகள். தொழில் செய்பவர் முறையே நூற்றுக்கு 10, 15 பங்கைத் தாம் போட வேண்டும் என்பது விதி. தொகையும் விதிகளும் அவ்வப்போது மாறுமாதலால், விண்ணப்பிக்குமுன் அவ்வருஷத்து அறிவிப்பைப் படித்துக்கொள்வது அவசியம்.

இம்முறை எவ்விதம் வேலை செய்கிறதென்பதைச் சாமையைக் கொண்டு விளக்குவோம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகிய சிறு தானியங்கள் வீட்டுச் சமையலிலிருந்து குறைந்துபோனமைக்கு மழையும் விலையும் மட்டும் காரணமல்ல. உமி நீக்கும் வேலையும் ஒரு பெருங்காரணம். உரலும் உலக்கையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அரிசியை எடுப்பது பெண்மக்களின் முதுகை ஒடிக்கும் வேலை. வரகின் உமியோ பல அடுக்குள்ளது. அதைப்பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. நெல் அரைக்கும் யந்திரத்தில் இத்தானியங்களைப் போட்டால், மணி சிறியதாகையால் ஒரு பாகம் நொய்யாகும். ஒரு பாகம் உமியுடனேயே வெளிவரும்.

தானியத்தைச் சுழல் விசையால் சுவரில் எறிந்து உமியைப் பிளக்கும் யந்திரத்தைச் சிறு பட்டறையிலும் செய்யலாம். ஆனால் சக்கரம் மிக வேகமாகச் சுழன்றால் அரிசி உடையும். மெதுவாகச் சுழன்றால் உமி நீங்காது. தானியத்தின் ஈரம் சற்று மாறினாலும் முடிவு மாறும். சாமைக்கு வைத்த வேகம் வரகுக்கு உதவாது. லேத்துப் பட்டறைக்காரருக்கு இரும்பு தெரியும். தாங்கியும் தண்டும் தெரியும். ஈரத்தை அளக்கும் கருவியும், பத்து வேகங்களில் பத்து முறை ஓட்டிக் கணக்கெடுக்கும் அவகாசமும் அவரிடம் இரா. கல்லூரியில் அவை உள. கல்லூரிக்கோ, ஒரு யந்திரம் கிராமத்தில் மின்சாரம் ஏறி இறங்கும் நிலையில் ஆறு மாதம் ஓடினால் எந்தப் பாகம் முதலில் தேயும் என்பது தெரியாது. 2016 முதல் 2018 வரை கனடா தேசத்துச் சர்க்கார் பண உதவியுடன் தானம் அறக்கட்டளையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சிறு தானியப் பதனம் பற்றி நடத்திய வேலையில் யந்திரம் செய்யும் சிறு பட்டறைகளும் சேர்ந்திருந்தமைக்குக் காரணம் இதுவே.

இனி ஒரு தவறைச் சொல்லவேண்டும். அதில் எனக்கும் பங்குண்டு. எமது வட்டாரத்தில் ஒரு பட்டறைக்காரர் பழைய இரும்பைக்கொண்டே சாமை உமி நீக்கும் யந்திரம் ஒன்று செய்தார். தானியம் விழும் வாயில் அவர் அமைத்த தகடு ஒன்று மிகவும் சாமர்த்தியமானது. நான் பார்த்து மகிழ்ந்து, ஊர்க் கண்காட்சியில் வைக்கும்படி தூண்டினேன். அவரும் வைத்தார், நாலு பேருக்கு விற்கவும் செய்தார். ஒரு வருஷம் கழித்து, கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். ஆசிரியர் முதலிற் கேட்ட கேள்வி, காப்புரிமைக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்றா என்பதே. கொடுக்கவில்லை. விண்ணப்பிக்குமுன் யாவரும் பார்க்கும்படி காட்டி விற்ற பொருள் சட்டப்படி புதியதாகாது. கண்காட்சி வகையில், மத்திய சர்க்கார் விசேஷமாக அறிவித்தவற்றில் வைத்தால் 12 மாதத் தவணை உண்டு. எமது ஊர்க் கண்காட்சி அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதற்குள் மற்றொரு பட்டறையிலிருந்து அதே தகடுடன் யந்திரம் வெளிவந்துவிட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான் இலாகாவில் இருபது வருஷம் வேலை செய்தும் இந்த ஒரு சங்கதியைத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

ஆகையால் முதலிற் செய்யவேண்டியது தற்காலிக விவரணத்துடன் ஒரு காப்புரிமை விண்ணப்பம். தனி மனிதருக்கும் சிறு தொழிலுக்கும் இணைய வழியில் இதற்குக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். இக்காலத்தில் கல்லூரியில் பரிசோதனை நடத்திக்கொள்ளலாம்.

கல்லூரிக்குச் செல்லும்போது யந்திரத்தின் பெருமையைப் பேசுவதில் பிரயோஜனமில்லை, கணக்குடன் செல்லவேண்டும். 10 கிலோ சாமையை நிறுத்துப் போடுக. வெளிவந்ததில் முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு, உமி நீங்காதது எவ்வளவு, உமியும் தவிடும் எவ்வளவு என்று தனித்தனியே நிறுக்க. ஆன நேரத்தையும் மின்சார அளவையும் குறிக்க. இவ்விதம் மூன்று முறை செய்து, தேதியிட்டு, பக்க எண்ணுள்ள நோட்டுப் புத்தகத்தில் மையினால் எழுதுக. “உமி நீங்காதது 10 கிலோவுக்கு இவ்வளவு நிற்கிறது, அதைப் பாதியாக்கவேண்டும்” என்று ஒரே வாக்கியத்தில் கேட்பவருக்கு ஆசிரியர் உடனே வழி சொல்லக்கூடும். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர்களும் அவ்வாக்கியத்தையே தேடுகிறார்கள்.

ஆசிரியருடன் வேலை தொடங்குமுன் எழுத்து மூலமான உடன்படிக்கை ஒன்று வேண்டும். பட்டறைக்காரர் முன்பே கண்டுபிடித்தது அவருடையது என்றும், இருவரும் சேர்ந்து காண்பது எப்பங்கில் யாருடையது என்றும், விற்பனையில் கல்லூரிக்கு உரிமைத் தொகை உண்டா என்றும் அதில் இருக்கவேண்டும். மாணவர் ஒருவர் இவ்வேலையை ஆய்வேடாக எழுதக்கூடும். அது நல்லதே. ஆனால் ஆய்வேடு நூல்நிலையம் சேர்வதற்கு முன் காப்புரிமை விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருத்தல் அவசியம். கண்காட்சியில் நேர்ந்த நஷ்டம் நூல்நிலையத்திலும் நேரும். ஆசிரியர்களிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவென்று நம் பக்கத்தார் கூசுகிறார்கள். கேட்டால் ஒருவரும் வருந்துவதில்லை.

உதவித் தொகையைத் தவணை தவணையாகவே எதிர்பார்க்க வேண்டும். முன் தவணையின் செலவுச் சான்று இன்றி அடுத்தது வராது. இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ரசீதில்லாத செலவை அதில் சேர்க்காமலிருப்பது நலம். நிலமும் கட்டிடமும் வாங்க இப்பணம் ஏற்பட்டதன்று.

கடைசியாகப் பருவத்தைப் பற்றி. ஆனி ஆடியில் விதைத்த சாமை ஐப்பசி வாக்கில் களத்துக்கு வரும். தொகை தை மாதத்தில் கிடைத்தால், சந்தையில் அகப்படுவது பல ஊர்த் தானியம் கலந்ததாயிருக்கும்; அதில் எடுத்த கணக்கு ஒன்றோடொன்று ஒவ்வாது. விண்ணப்பம் கொடுத்தவர், பதில் வருமுன்பே, ஒரே காட்டில் விளைந்த ஒரே ரகச் சாமையில் இரண்டு குவிண்டால் வாங்கி, நன்கு உலர்த்தி, பூச்சி விழாமல் மூட்டை கட்டித் தனியே வைத்துக்கொள்ளவேண்டும்.