சோற்றையும் எண்ணெயையும் நிறுத்தினால் தசை என்னவாகும்?

நான் மருத்துவன் அல்ல. டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்து ஓய்வு பெற்ற பொறியாளன். பட்ட அனுபவத்தையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பின் தொந்தி விழுந்தது. ஒருவர் சொன்னார் என்று சோறு, சப்பாத்தி, எண்ணெய் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். வெள்ளரிக்காயும் மோரும்தான் ஆகாரம். இரண்டு மாதத்தில் 7 கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் நாக்பூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் கால் நடுங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொந்தியோடு தொடைச் சதையும் போயிருந்தது.

காரணம் இதுதான். மூளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரலில் உள்ள சேமிப்பு ஏறக்குறைய 100 கிராம். ஒரு நாள் பட்டினியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தசையில் இதைவிட அதிகம் உண்டு. அது அந்தத் தசையின் சொந்த உபயோகத்துக்கே, ரத்தத்துக்கு வராது. கொழுப்புதான் நிறைய இருக்கிறதே என்பீர்கள். கொழுப்பு அமிலம் குளுக்கோஸாக மாறாது. அதோடு சேர்ந்துள்ள கிளிசரால் என்ற சிறு பகுதியே மாறும். ஆகவே உடல் தசைப் புரதத்தை உடைக்கிறது. (கரி தீர்ந்த இஞ்சினில் பெட்டிப் பலகையைப் பிடுங்கிப் போடுவது மாதிரி!) நாள் செல்லச் செல்ல மூளை, கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களை எரிக்கப் பழகும். இழப்பு குறையும், நிற்காது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உயிர்காப்புப் படகில் தத்தளிப்பவர்களுக்கு என்ன உணவு வைப்பது என்று அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கேம்பிள் ஆராய்ந்தார். பட்டினி இருந்தவர்களுக்குத் தினம் 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்ததும், உடற்புரத இழப்பு ஏறத்தாழப் பாதியாயிற்று. வெறும் 400 கலோரி! மாவுச்சத்து சாப்பிட்டால் சுரக்கும் இன்சுலினும் தசை உடைவதைத் தடுக்கிறது.

கொழுப்பின் உதவி வேறு விதம். கிராமுக்கு 9 கலோரி தருவதால், சாப்பிட்ட பருப்பு எரிபொருளாகப் போகாமல் தசைக்குப் போய்ச் சேர வழி செய்கிறது. ஆனால் தசையைக் கட்டப் புரதமும் வேலையும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 50 கிராம் புரதமாவது தேவை. வயதானவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல் நல்லது என்கிறார்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றின் அளவை மாற்ற வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

இப்போது எனக்கு மதியம் ஒரு கரண்டி சோறு, கெட்டிப் பருப்பு, தயிர், தாளிக்க அளவான எண்ணெய். காலையில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருகிறேன். எடையில் 3 கிலோ திரும்பி வந்துவிட்டது. மேம்பாலத்தில் நிற்காமல் ஏறுகிறேன்.