புகைக்கு எல்லை ஏது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவைப் புனித எல்லையாக அறிவித்து, அதற்குள் மரங்களை வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். எல்லைக்குள் நுழைந்து செய்யும் தீங்கு இவ்வாறு தடுக்கப்பட்டது. எல்லைக்கு வெளியே நின்றுகொண்டே உள்ளே தீங்கை அனுப்பினால் என்ன?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு 1919-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1970-களில் அதற்கு வடகிழக்கே நவஹோ அனல்மின் நிலையம் எழுந்தது. 2,250 மெகாவாட் மின்சாரம் தரக்கூடிய நிலையம் அது. வறண்ட நகரங்களுக்கு ஆற்று நீரை ஏற்றவும் அம்மின்சாரம் உதவிற்று. நோக்கம் நல்லதுதான். ஆனால், எரிந்த நிலக்கரியிலிருந்து கிளம்பிய கந்தக டை ஆக்சைடு வாயு, காற்றில் நுண்ணிய சல்பேட் துகள்களாக மாறி ஒளியைச் சிதறடித்தது. குளிர்காலத்தில் சில நாட்கள் பள்ளத்தாக்கையே புகைமூட்டம் மறைத்தது. காவலர்கள் மண்ணைக் காத்தார்கள். காற்றுக்கு வேலியிட யாரால் முடியும்?

இத்தகைய பூங்காக்களின் தெளிவைக் காக்க 1977-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. அந்நிலையம் கந்தக வாயுவை 90 சதவிகிதம் குறைக்க வேண்டுமென்று 1991-ல் விதிக்கப்பட்டது. 1999-க்குள் வாயுவைக் கழுவி நீக்கும் சாதனங்கள் பொருத்தப்பட்டன. 2019-ல் நிலையமே மூடப்பட்டது.

இதில் நமக்கென்ன பாடம்? பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவுகள். ஆயினும் அவற்றைப் பச்சையாக உண்டவர், வாடை நீங்காமல் பள்ளிவாசலுக்கு வரக்கூடாதென்று நபியவர்கள் தடுத்தார்கள். பொருள் ஆகுமானதாக இருந்தாலும், அதன் வாடை பிறரைத் துன்புறுத்தலாகாது. உதுமானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டநூலும், அண்டை வீட்டில் குடியிருக்க முடியாதபடி அடுப்புப் புகை வருத்தினால் அத்தீங்கை நீக்க வேண்டும் என்கிறது.

இப்போது நம் வாசலைப் பார்ப்போம். குப்பையோடு பிளாஸ்டிக் பைகளையும் சேர்த்துக் கொளுத்திவிட்டு உள்ளே போய்க் கதவை அடைத்துக் கொள்கிறோம். அந்தப் புகை எந்த வீட்டுத் தொட்டிலை, எந்த முதியவரின் மூச்சை எட்டுகிறதோ!

இது ஹக்குல் இபாத், அடியார்களுக்குரிய கடமை. உரியவர் மன்னித்தால்தான் தீரும். பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கலாம்; முகமறியாதவரிடம் எங்ஙனம் கேட்போம்? ஆகவே, தீங்கை அது கிளம்பும் இடத்திலேயே தடுப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. குப்பையைப் பிரித்து, எரிக்காமல் அகற்றுவோம்.

நம் கைகளாலும் நம் புகையாலும் எவருக்கும் துன்பம் நேராமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.